பிப்ரவரியிலேயே தீர்ப்பு எழுதிவிடும் ரிச்மண்ட் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆஸ்திரேலிய ஃபுட்பால் (நம் ஃபுட்டி) லீக்கான ஏஎஃப்எல்-இல் ஆடும் மெல்பர்ன் கிளப் ரிச்மண்டின் அன்புள்ள ரசிகர்களுக்கு, குறிப்பாக எம்சிஜி மைதானத்து மாடத்தில் உட்கார்ந்து தமிழில் திட்டி, தமிழிலேயே கொண்டாடும் நம் ஆட்களுக்கு,

வணக்கம். சீசன் தொடங்குமுன் நடக்கும் ப்ரீ-சீசன் பயிற்சி ஆட்டம் முடிந்து ரயில் நிலையத்துக்கு நடந்து போவதற்குள் நம்மில் பாதிப் பேர் 18, 19 வயதுப் பையன்களின் தலையெழுத்தை எழுதி முடித்துவிடுகிறோம். "இவன் அடுத்த டஸ்டி (நம் முன்னாள் நட்சத்திரம் டஸ்டின் மார்ட்டின்)." "அவன் தேற மாட்டான், வேஸ்ட் பிக்." ஆகஸ்ட் கடைசியில் நம் சீசன் முடிந்ததிலிருந்து ஃபுட்டி இல்லாமல் காய்ந்து கிடக்கிறோம், பேச ஏதாவது வேண்டும்தான். மதிப்பிடவே கூடாது என்று உபதேசம் செய்ய நான் வரவில்லை. புதுப் பையன்களை எடை போடுவதைவிடச் சுவாரசியமான வேலை பிப்ரவரியில் கிடையாது. என் குறை ஒன்றுதான். நாம் பந்தைப் பார்க்கிறோம், பையனைப் பார்ப்பதில்லை.

முதலில் அந்த ஆட்டம் எப்படி நடக்கிறது என்று யோசியுங்கள். கோலுக்கு ஆறு புள்ளி, கோல் கம்பத்துக்குப் பக்கத்து இடைவெளியில் போகும் பிஹைண்டுக்கு ஒன்று என்ற கணக்கெல்லாம் வழக்கம்போலத்தான். மற்றபடி எல்லாமே தளர்த்திவிட்ட விதிகள். நான்கு குவார்ட்டருக்குப் பதிலாக இன்னும் ஒன்றிரண்டு பகுதிகள் சேர்ந்திருக்கும். பெஞ்சில் கல்யாண வீட்டுக் கூட்டம். மூத்த வீரர்கள் பாதியிலேயே காலணியைக் கழற்றிவிட்டுத் தொப்பி மாட்டிக்கொள்வார்கள். கடைசிப் பகுதிகளில் இரண்டு பக்கமும் ஓடுவது பெரும்பாலும் இரண்டாம் வரிசைதான். அந்த நேரத்தில் ஒரு பையன் பத்து டிஸ்போசல் (உதைத்தோ கையால் குத்தியோ பந்தைக் கொடுப்பது) எடுத்தால் நாம் எழுந்து நின்று கத்துகிறோம். அதே பையன் முதல் பகுதியில், எதிரணியின் முதல்தர மிட்ஃபீல்டுக்கு நடுவே புகுந்து எடுத்த மூன்று பந்துகளை யாரும் எண்ணவில்லை. என் கணக்கில் அந்த மூன்றுக்குத்தான் மதிப்பு.

இதில் பையன்கள் மட்டுமல்ல, முழு அணிகளே நம்மை ஏமாற்றியிருக்கின்றன. 1988 முதல் 2013 வரை ப்ரீ-சீசனுக்கென்று தனிக் கோப்பையே இருந்தது. 2005-இல் அதை வென்றது கார்ல்டன். அதே ஆண்டு லீக் முடிவில் கடைசி இடத்தில் நின்றதும் கார்ல்டன். 2007-இல் மறுபடியும் கோப்பையைத் தூக்கினார்கள், ஆண்டு முடிவில் 16 அணிகளில் 15-ஆவது இடம். (கார்ல்டன் ஆதரிக்கும் மச்சான் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் இந்தப் பத்தியை மட்டும் சத்தமாகப் படித்துக் காட்டவும்.) கோப்பை வைத்து நடத்திய ஆட்டமே இந்த லட்சணம் என்றால், கோப்பையும் இல்லாத இன்றைய ஆட்டத்தில் ஒரு பையன் எத்தனை முறை பந்தைத் தொட்டான் என்பதை வைத்து என்ன சொல்லிவிட முடியும்?

அந்தப் பையன்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதையும் பாருங்கள். கிளப்புகள் வரிசை முறையில் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் நடப்பது நவம்பரில். அதில் பெயர் வந்தவர்களில் பலர் சில வாரங்களுக்கு முன்புவரை பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தவர்கள். இரண்டு மூன்று மாதப் பயிற்சியில், பத்து வருடமாக எடை தூக்கி உடம்பை இறுக்கிய ஆட்களோடு மோத வேண்டும். சிலர் காயத்தோடே வருகிறார்கள். டாஜ் ஹாட்டனை 2024-இல் 12-ஆவது தேர்வாக நாம் எடுத்தபோது அவருக்கு முழங்கால் தசைநார் கிழிந்திருந்தது. அதைத் தெரிந்துதான் கிளப் எடுத்தது. இப்படி வருகிறவர்களுக்கு "இன்றைக்கு இவ்வளவு நிமிடம்தான்" என்று மருத்துவக் குழு முன்கூட்டியே அளந்து கொடுத்திருக்கும். அந்த அளவு முடிந்து வெளியே வந்த பையனைப் பார்த்து "பாதியிலேயே மூச்சு வாங்கிவிட்டது, உட்கார வைத்துவிட்டார்கள்" என்று பக்கத்து வரிசையில் ஒருவர் விளக்கம் சொல்கிறார்.

ஆடும் இடத்தைப் பார்க்காமல் எண்ணிக்கையைப் பேசுவதும் நம்மிடம் உள்ள பழக்கம். ஹாஃப்-பேக்கில், அதாவது பின்வரிசையில், நிற்பவனுக்குப் பந்து தானாக வரும். பின்னால் இருந்து ஆட்டத்தைக் கட்டும்போது அவனிடம் கொடுத்து வாங்குவார்கள். முகத்துக்கு நேரே ஆள் இல்லாமலேயே இருபது டிஸ்போசல் சேர்ந்துவிடும். நார்த் மெல்பர்னின் ஹாரி ஷீசல் ஜூனியர் மட்டத்தில் ஃபார்வர்டு, அதாவது கோல் உதைக்கும் முன்வரிசை ஆள். 2023 முதல் சுற்றில் அவரை ஹாஃப்-பேக்கில் நிறுத்தினார்கள், அறிமுக ஆட்டத்திலேயே 34 டிஸ்போசல். அந்த ஆண்டின் சிறந்த இளம் வீரருக்கான ரைசிங் ஸ்டார் விருதும் அவருக்கே. ஷீசல் நிஜமாகவே பெரிய திறமை, அதில் மறுபேச்சில்லை. ஆனால் அன்று அவரை ஃபார்வர்டு பாக்கெட்டில் (கோலுக்குப் பக்கத்து மூலையில்) நிறுத்தியிருந்தால் பத்துப் பன்னிரண்டோடு முடித்திருக்கலாம், நாமும் "சுமார்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம். கோச் பயிற்சி ஆட்டத்தில் ஒருவனை அவன் பழக்கமில்லாத இடத்தில் வேண்டுமென்றே நிறுத்துவார். விங்கில் ஓடுகிறவனைப் பின்னால் தள்ளி, உயரமான ஆளுக்கு எதிரே விட்டுப் பார்ப்பார். அவர் பார்ப்பதற்காக நடத்தும் ஆட்டம் அது. அவர் எதைப் பார்க்கிறார் என்று தெரியாமல் நாம் மதிப்பெண் போடுகிறோம்.

சரி, எதைப் பார்ப்பது? நான் பார்ப்பதைச் சொல்கிறேன், உங்களுக்கு வேறு அளவுகோல் இருந்தால் சண்டைக்கு வாருங்கள்.

கோல் கம்பங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டு, பந்து எங்கே போனாலும் கண்ணை எடுக்காமல் ஒரே ஒரு பையனை ஐந்து நிமிடம் தொடர்ந்து பாருங்கள். ஓர் இளம் உயர ஃபார்வர்டு என்று வைத்துக்கொள்வோம். நடுவில் நம் ஆள் பந்தை எடுத்துத் தலையை நிமிர்த்துகிறான். இந்தப் பையன் முதலில் கோலை நோக்கி இரண்டடி பின்னால் போகிறான், டிஃபெண்டரும் கூடவே சாய்கிறான். சட்டென்று திரும்பி, பந்தை நோக்கி நேராகப் பாய்கிறான். லீட் (பந்து வாங்க டிஃபெண்டரை உதறிவிட்டு ஓடும் ஓட்டம்) அருமை, பந்து வரவில்லை. உதைத்தவன் வேறு பக்கம் உதைத்துவிட்டான். நம் ஆட்கள் பார்வையும் பந்தோடு போய்விட்டது. நீங்கள் மட்டும் இங்கேயே பாருங்கள். பையன் கையை விரித்துக்கொண்டு நின்றுவிடுகிறானா? இல்லை, மூச்சிரைக்க மறுபடி வளைந்து ஓடி இரண்டாவது லீட் எடுக்கிறானா? அந்த இரண்டாவது ஓட்டத்தில்தான் அவனுடைய டிஃபெண்டர் இழுபட்டு, பின்னால் காலியான இடத்தில் நம்முடைய வேறொருவன் வந்து, உதைத்து வந்த பந்தை நெஞ்சில் அணைத்து 'மார்க்' பிடிக்கிறான். கோல். கைதட்டல் முழுவதும் அவனுக்கு. புள்ளிவிவரத் தாளில் நம் பையனுக்கு நேரே ஒரு கோடுகூட விழவில்லை. ஆனால் கோச்சிங் பாக்ஸில் அந்த ஓட்டத்தைக் குறித்து வைத்திருப்பார்கள், திங்கட்கிழமை வீடியோவில் அதைத்தான் நிறுத்தி நிறுத்திக் காட்டுவார்கள்.

மிட்ஃபீல்ட் பையன் என்றால் அவன் பந்தை இழந்த அடுத்த மூன்று விநாடிகளைத்தான் பார்ப்பேன். எதிரணி கைக்குப் பந்து போன கணமே திரும்பி ஓடுகிறானா, இல்லை அம்பயரைப் பார்த்துக் கையை உயர்த்துகிறானா? ஸ்டாப்பேஜில் (நின்ற ஆட்டத்தை மறுபடி தொடங்கும் இடத்தில்) தன் ஆளை விட்டுப் பந்துக்குப் பின்னாலேயே அலைகிறானா? களைத்துப்போன கடைசிப் பகுதியில், ஆளே இல்லாத தொலைவிலிருந்து ஓடி வந்து ஒரு டேக்கிளுக்குக் கையையாவது போடுகிறானா? வாயைத் திறந்து பேசுகிறானா என்பதும் முக்கியம். பயிற்சி ஆட்டத்தில் கூட்டம் குறைவு என்பதால் எல்லைக்கோட்டில் நின்றால் மைதானத்துக் குரல்கள் நன்றாகவே கேட்கும். பதினெட்டு வயதில் ஒருவன் தன்னைவிடப் பத்து வயது மூத்தவனைப் பார்த்து "பின்னால் ஆள்" என்று கத்தத் தயங்கவில்லை என்றால், அவன் மேல் நான் பந்தயம் கட்டுவேன்.

உதைக்கும் பாணி, ஓட்ட வேகம் இதெல்லாம் எல்லோர் கண்ணிலும் படும். அதைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை.

உயரமான பையன்கள் விஷயத்தில்தான் நமக்குப் பொறுமை அறவே இல்லை. 2024 சீசனில் நமக்கு இரண்டே வெற்றி. சீசன் முடிந்ததும் ஷை போல்டன், டேனியல் ரியோலி, லியம் பேக்கர், ஜாக் கிரஹாம் என்று வரிசையாக வேறு கிளப்புகளுக்குக் கிளம்பினார்கள். அதற்குப் பிறகு வந்த டிராஃப்டில் முதல் 25 பெயர்களுக்குள் நம்முடையவர்கள் ஆறு பேர். சாம் லேலர் முதல் பெயர். ஜான்டி ஃபால், ஹாரி ஆம்ஸ்ட்ராங் இருவரும் உயர ஃபார்வர்டுகள், லூக் ட்ரெய்னர் உயர டிஃபெண்டர். லேலர் போன்ற மிட்ஃபீல்டரையும் இந்த மூவரையும் ஒரே தராசில் வைத்து "அவன் முந்திவிட்டான், இவர்கள் பின்தங்கிவிட்டார்கள்" என்கிறோம். ஜாக் ரீவோல்ட்டை நாம் எடுத்தது 2006-இல், 13-ஆவது பெயராக. லீக்கில் அதிக கோல் உதைத்தவருக்கான கோல்மேன் மெடலை அவர் முதலில் வாங்கியது 2010-இல். நடுவில் இருந்த ஆண்டுகளில் அவரைப் பற்றி மாடத்தில் என்னென்ன பேசினோம் என்பது பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். பிறகு 2012-லும் 2018-லும் அதே மெடல், மூன்று கோப்பைகள். வேகும் குழம்பில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து உப்புப் பார்ப்பதுபோல் இந்தப் பையன்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

டஸ்டின் மார்ட்டின் முதல் ஆண்டே கலக்கவில்லையா என்று கேட்பீர்கள். கலக்கினார். சிலர் அப்படி வருவார்கள். எல்லோரையும் அவரை வைத்து அளந்தால் இந்த லீக்கில் யாருமே தேற மாட்டார்கள்.

அடுத்ததாக, டிராஃப்ட் எண். பையனின் பெயருக்கு முன்னால் "பிக் ஏழு", "பிக் பதினான்கு" என்று ஒட்டிவிட்டுப் பேசுவதை நிறுத்துங்கள். இந்த எண் விளையாட்டு எவ்வளவு கொடுமையானது என்று நம் கிளப்பைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்? 2004-இல் நான்காவது தேர்வாக ரிச்சர்ட் டாம்ப்ளிங்கை எடுத்தோம். ஐந்தாவதாக ஹாதார்ன் எடுத்தது லான்ஸ் ஃபிராங்க்ளினை. ஃபிராங்க்ளின் ஆயிரம் கோல்களைத் தாண்டியவர். 2022 மார்ச்சில் சிட்னியில் அவர் ஆயிரமாவதை உதைத்தபோது கூட்டமே மைதானத்துக்குள் ஓடியது. டாம்ப்ளிங் நமக்கு நூறு ஆட்டங்களுக்கு மேல் ஆடிக் கொடுத்தார். ஒவ்வொரு ஆட்டத்திலும் அவர் தன் எதிரே நின்றவனோடு மட்டுமா மோதினார்? வேறொரு மைதானத்தில் கோல் உதைத்துக்கொண்டிருந்த ஃபிராங்க்ளினோடும் சேர்த்து நாம் அவரை மோதவிட்டோம். தேர்வு செய்தது கிளப், ஏச்சு வாங்கியது பையன். இன்றைக்கும் யாராவது அவர் பெயரைச் சிரிப்புக்காக இழுத்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

பையன்களின் இன்ஸ்டாகிராமில் போய் நேரடியாக எழுதுகிறவர்களுக்கு ஒரே வரி: அதை ஆதரவு என்று சொல்லிக்கொள்ளாதீர்கள்.

மடலை நீட்டவில்லை, ஒரு வேண்டுகோள் மட்டும் பாக்கி. பயிற்சி ஆட்டத்துக்குக் காட்டும் அதே ஆர்வத்தை ஏப்ரல், மே மாதங்களில் இரண்டாம் நிலை லீக்கான விஎஃப்எல் ஆட்டங்களுக்கும் காட்டுங்கள். பெரிய அணியில் இடம் கிடைக்காத பையன்கள் உண்மையான புள்ளிகளுக்காக, முழு நான்கு குவார்ட்டரும் ஆடுவது அங்கேதான். ஒருவனின் ஃபார்மை வாரா வாரம் ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. 2019 மே மாதத்தில் மார்லியன் பிக்கெட்டை மிட்-சீசன் டிராஃப்டில் எடுத்தபோது மாடத்தில் முக்கால்வாசிப் பேருக்கு அவர் பெயரே தெரியாது. விஎஃப்எல் இறுதியாட்டத்தில் சிறந்த வீரர் மெடலை அவர் வாங்கினார். அடுத்த வாரமே எம்சிஜியில், ஏஎஃப்எல் கிராண்ட் ஃபைனலில் அறிமுகம். நாம் 89 புள்ளிகளில் ஜெயித்த அன்று அவரிடம் 22 டிஸ்போசல், ஒரு கோல். "யார் இவன்?" என்று எல்லோரும் திரும்பித் திரும்பிக் கேட்டபோது, விஎஃப்எல் பக்கம் போய் வந்த சிலர் மட்டும் அலட்டிக்கொள்ளாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இந்த ஆண்டு யார் வருகிறீர்கள் என்று சொல்லுங்கள். ஸ்வான் ஸ்ட்ரீட்டில் காபி வாங்கிக்கொண்டு சேர்ந்தே போகலாம், சண்டையை வழியிலேயே ஆரம்பிக்கலாம்.

அன்புடன்,
கோல் கம்பத்துக்குப் பின்னால் நிற்கும் ஒரு ரிச்மண்ட் ரசிகன்