முள்வேலியில் நீ கண்ட கூடு

அன்புள்ள சண்முகத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பள்ளியில் சேர்ந்த செய்தி மனத்துக்கு நிறைவாக இருந்தது. கிணற்றடி வேலியில் பழந்துணியைச் சுருட்டிச் செருகியதுபோல ஒரு கூடு தொங்குவதாகவும், உள்ளே எண்ண முடியாத அளவுக்குச் சிலந்திகள் சேர்ந்து வாழ்வதாகவும், அதை எரித்துவிடலாமா என்றும் கேட்டிருந்தாய். தயவுசெய்து எரித்துவிடாதே. நீ சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் அது ஸ்டெகோடைஃபஸ் சரசினோரம் என்னும் சமூகச் சிலந்தியாக இருக்க வேண்டும். இந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் அந்த இனத்துக்கு 1892-இல் கார்ஷ் என்பவர் பெயரிட்டார்.

அதன் ஆப்பிரிக்க உறவான டுமிக்கோலாவைப் பற்றித்தான் சில மாதங்களாகப் படித்து வருகிறேன். நமீபியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளின் வறண்ட நிலங்களில், முட்செடிகளில் பட்டுநூலால் கூடு கட்டி வாழும் இச்சிலந்திகள், தலைமுறை தலைமுறையாக ஒரே கூட்டுக்குள்ளேயே இணை சேர்வதால், மரபணு அளவில் ஏறத்தாழ ஒன்றுபோலவே ஆகிவிட்டன. ஒன்றைத் தாக்கும் நோய் அனைத்தையும் தாக்கும் என்று அஞ்ச இடமிருக்கிறது. கூட்டிலோ இரையின் எச்சங்கள் மண்டிக் கிடக்கின்றன. இந்த நெருக்கடியில் பாக்டீரியாக்களுக்கு என்ன பங்கு என்பதே என்னைக் கட்டிப்போட்ட கேள்வி. இச்சிலந்தியின் உடலிலிருந்து பிரித்தெடுத்த ஸ்டஃபைலோகாக்கஸ் சியூரி என்னும் பாக்டீரியா, பிற நுண்ணுயிர்களின் வளர்ச்சியைத் தடுப்பதாக 2021-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. ஆய்வகத் தட்டில் கண்டதை வைத்து, கூட்டிலும் அதுவே காவல் என்று சொல்லிவிட முடியாது என்பதையும் நான் மறக்கவில்லை.

அதைவிட என்னை அசைத்தது, டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட கட்டுரை. ஒரு கூட்டுக்குள் வாழும் சிலந்திகள் எல்லாவற்றின் உடலிலும் பாக்டீரியாக்களின் சேர்க்கை ஒத்திருக்கிறது. கூட்டுக்குக் கூடு அது மாறுகிறது. இந்தச் சொத்து பிள்ளைகளுக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது? முட்டை வழியாக என்றுதான் நான் எண்ணியிருந்தேன். ஆனால் குஞ்சுகள் இந்தப் பாக்டீரியாக்கள் இல்லாமலேயே பொரிந்து வருகின்றன. பெண் சிலந்திகள் தாம் செரித்த உணவைக் கக்கி ஊட்டத் தொடங்கும்போதுதான் அவை வந்து குடியேறுகின்றன. குஞ்சுகளை வேறு கூட்டுப் பெண்களிடம் வளர்க்கக் கொடுத்துப் பார்த்தபோது, பெற்றவளின் பாக்டீரியாக்கள் அல்ல, ஊட்டியவளின் பாக்டீரியாக்களே அவற்றிடம் காணப்பட்டன. வேறுவேறு கூடுகளில் வளர்ந்த சிலந்திகளை ஒன்றாக விட்டபோது, அவற்றின் பாக்டீரியாச் சேர்க்கையும் நாளடைவில் ஒன்றுபோல ஆனது.

கூட்டில் பெரும்பாலான பெண்கள் முட்டையிடுவதே இல்லை என்பதை நினைத்துப் பார். தமக்கென்று குஞ்சு இல்லாத அவையும் பிறர் குஞ்சுகளுக்கு ஊட்டுகின்றன. கடைசியில் தம் உடலையே அவற்றுக்கு உணவாகக் கொடுத்து மடிகின்றன. முட்டை வழியாக மட்டுமே பாக்டீரியாக்கள் போகும் என்றால், இந்தச் செவிலிகளின் உடலில் இருப்பவை அவற்றோடே அழிந்துபோக வேண்டியதுதான். வாய்வழி ஊட்டல் அந்த முட்டுச்சந்தில் ஒரு வழி திறந்துவிடுகிறது. படித்த அன்றிரவு எனக்கு வெகுநேரம் உறக்கம் வரவில்லை.

கண் அறுவை முடிந்து எனக்குப் பார்வை தெளிந்து வருகிறது. மருத்துவர் பயணத்துக்கு அனுமதித்ததும் பெரிய உருப்பெருக்கியோடு புறப்பட்டு வருகிறேன். அதுவரை வேலியைச் சீராக்க வரும் ஆட்களிடம், அந்தக் கிளையில் மட்டும் அரிவாள் படவேண்டாம் என்று சொல்லி வை.

அன்புடன்,
ராமலிங்கம்