எனக்கும் ஓர் ஆப்ட் அவுட் (ஒப்பந்தத்திலிருந்து பாதியில் விலகும் உரிமை) கொடுங்கள்: ஒரு சீசன் டிக்கெட்காரரின் புகார்

பெறுநர்: சீசன் டிக்கெட் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: தானாகப் புதுப்பிக்கப்பட்ட சந்தாவில் உயர்த்திய கட்டணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

ஐயா / அம்மையீர்,

விருப்பமான மொழியில் எழுதலாம் என்று உங்கள் புகார்ப் படிவத்தில் போட்டிருக்கிறீர்கள். ஆங்கிலத்தில் நான் அனுப்பிய மின்னஞ்சல்களுக்கெல்லாம் இயந்திரம்தான் பதில் போட்டது. தமிழில் எழுதினாலாவது யாராவது ஒரு மனிதர் உட்கார்ந்து படிக்க வேண்டி வரும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

உங்கள் பேஸ்பால் மைதானத்தில் மூன்றாம் பேஸ் பக்கம், மேல்தளத்தில் என் பெயரில் இரண்டு இருக்கைகள் இருக்கின்றன. பாதி சீசன் திட்டம். போன அக்டோபரில், சீசனின் இறுதிப் போட்டியான உலகத் தொடர் முடிவதற்கு முன்பே, அடுத்த வருடச் சந்தாவை என் கார்டிலிருந்து எடுத்துக்கொண்டீர்கள். கட்டணம் 18 சதவீதம் கூடியிருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, இந்தக் குளிர்காலத்தில் அணி இதுவரை செய்யாத பெரிய முதலீடு செய்யப்போகிறது என்று பதில் வந்தது. வீட்டுக்கு வந்த வழவழப்பான கையேட்டிலும் அதே வாசகம்தான் இருந்தது. சரி, பார்ப்போம் என்று விட்டுவிட்டேன்.

அந்த முதலீடு என்ன ஆயிற்று என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் புகார்க் கடிதம் என்றால் எழுதித்தான் ஆக வேண்டும். நம் அணியிலேயே வளர்ந்த ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்பவர்) ஃப்ரீ ஏஜென்ட் ஆனார், அதாவது எந்த அணியோடும் பேரம் பேசலாம் என்ற நிலைக்கு வந்தார். அவருக்குப் பேருக்கு குவாலிஃபையிங் ஆஃபர் என்ற ஒரு வருட ஒப்பந்தத்தை நீட்டினீர்கள். அவர் அதை மறுத்து வேறு ஊருக்குப் போனதும், ஈடாகக் கிடைத்த டிராஃப்ட் தேர்வை, அதாவது இளம் ஆட்டக்காரர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை, பெரிய லாபம் போல அறிவித்தீர்கள். அந்தத் தேர்வில் எடுக்கப்போகும் பையன் இந்த மைதானத்தில் கால் வைக்க எத்தனை வருடம் ஆகுமோ, அதற்குள் என் மகள் கல்லூரியே முடித்துவிடுவாள். அப்புறம் 33 வயது முதல் பேஸ்மேன் ஒருவருக்கு ஆறு வருட ஒப்பந்தம் போட்டீர்கள். முழங்கைத் தசைநாரைச் சரிசெய்யும் டாமி ஜான் அறுவை சிகிச்சையை ஏற்கெனவே செய்துகொண்ட ஒரு பிட்சருக்கு (பந்து வீச்சாளருக்கு) ஐந்து வருடம். அவர் மார்ச் மாதப் பயிற்சி ஆட்டத்திலேயே கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். இந்த சீசன் முழுக்கப் பந்து வீச மாட்டார் என்று நீங்களே அறிவித்துவிட்டீர்கள்.

அவருக்கு அடிபட்டதற்காக நான் புகார் செய்யவில்லை. அது யார் கையிலும் இல்லை. இப்படி நடக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது என்பது உங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தும், எங்களுக்கு விற்கும்போது மட்டும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் புகார் அதுதான்.

ஆட்டக்காரர்களின் சம்பளத்தைக் கண்டு வயிறெரிகிற ஆளும் இல்லை நான். ஒரு முறை கையெழுத்துப் போட்டால் முதலாளி விடும்வரை அதே அணிதான் என்றிருந்த ரிசர்வ் விதியை எதிர்த்து கர்ட் ஃப்ளட் என்ற ஆட்டக்காரர் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் 1972இல் தோற்றார். 1975 டிசம்பரில் மெஸ்ஸர்ஸ்மித், மெக்னாலி என்ற இரண்டு பிட்சர்களின் வழக்கில் நடுவர் பீட்டர் சைட்ஸ் ஆட்டக்காரர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் அவர்களுக்குச் சந்தை என்ற ஒன்றே திறந்தது. அதில் கிடைக்கிற ஒவ்வொரு டாலரும் அவர்கள் போராடி வாங்கியது.

ஆனால் அந்தச் சந்தையின் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதானே. பெரிய லீக்கில் ஆறு வருடம் ஆடினால்தான் ஒருவர் ஃப்ரீ ஏஜென்ட் ஆக முடியும். பெரும்பாலானவர்கள் அங்கே வந்து சேரும்போது முப்பதை நெருங்கியிருப்பார்கள், இல்லையென்றால் தாண்டியிருப்பார்கள். ஆட்டம் உச்சத்தில் இருந்த வருடங்களைப் பழைய அணி மலிவாக அனுபவித்துவிட்டது. இறங்குமுக வருடங்களைப் புதிய அணி முழு விலை கொடுத்து வாங்குகிறது. பேஸ்பாலில் ஒப்பந்தத் தொகைக்கு முழு உத்தரவாதம் உண்டு என்பதால், ஆடினாலும் ஆடாவிட்டாலும் பணம் கொடுத்தே ஆக வேண்டும்.

2019 டிசம்பரைப் பாருங்கள். உலகத் தொடரை வென்ற வாஷிங்டன் நேஷனல்ஸின் இரண்டு நட்சத்திரங்கள் ஒரே வாரத்தில், ஒரே தொகைக்கு, ஒரே கால அளவுக்குக் கையெழுத்திட்டார்கள்: ஏழு வருடம், 24.5 கோடி டாலர். ஸ்டீஃபன் ஸ்ட்ராஸ்பர்க் வாஷிங்டனிலேயே தங்கினார். ஆந்தனி ரெண்டன் ஏஞ்சல்ஸுக்குப் போனார். உலகத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதோடு கையெழுத்திட்ட ஸ்ட்ராஸ்பர்க் அதன் பிறகு ஆடியது மொத்தமே எட்டு ஆட்டங்கள். ரெண்டன் ஏஞ்சல்ஸில் எந்த ஒரு சீசனிலும் 58 ஆட்டத்தைத் தாண்டவில்லை. பால்டிமோர் 2016இல் கிறிஸ் டேவிஸுக்கு ஏழு வருடத்துக்கு 16.1 கோடி டாலர் எழுதியது. முந்தைய சீசனில் 47 ஹோம் ரன் அடித்த மனிதர், 2018இல் தொடங்கி 2019 ஏப்ரல் வரை தொடர்ந்து 54 முறை பேட் பிடித்து ஒரு ஹிட் கூட இல்லாமல் திரும்பினார். 2021இல் ஓய்வு பெற்றுவிட்டார். அவருக்கான தவணைகள் 2037 வரை போகும்.

நன்றாக அமைந்ததும் உண்டு, மறுக்கவில்லை. வாஷிங்டனே 2015இல் 30 வயது மேக்ஸ் ஷெர்ஸருக்கு ஏழு வருடத்துக்கு 21 கோடி கொடுத்தது. அவர் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதுகள் இரண்டையும் ஒரு கோப்பையையும் வாங்கிக் கொடுத்தார். அதனால் யாரையும் வாங்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. துணிந்து செலவு செய்கிற நிர்வாகத்தைத்தான் எனக்கும் பிடிக்கும்.

என் கேள்வி வேறு. இவ்வளவு ஆபத்தான பேரத்தில் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தப்பிக்க ஒரு வழி எழுதி வைத்திருக்கிறது. 2022 டிசம்பரில் கார்லோஸ் கொரேயாவுக்கு சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் 13 வருடம், 35 கோடி என்று பேசி முடித்தது. மருத்துவப் பரிசோதனையில் பழைய கணுக்கால் காயத்தைப் பார்த்துவிட்டு, அறிமுகக் கூட்டம் நடக்க வேண்டிய நாளன்றே பின்வாங்கியது. அடுத்து மெட்ஸ் 31.5 கோடிக்கு ஒப்புக்கொண்டு, அதே கணுக்காலைப் பார்த்துத் தயங்கியது. கடைசியில் கொரேயா தன் பழைய அணியான மினசோட்டாவுக்கே திரும்பி 20 கோடிக்குக் கையெழுத்திட்டார். ஆக, அணிக்குப் பரிசோதித்துப் பார்த்துப் பின்வாங்கும் உரிமை உண்டு. ஆட்டக்காரருக்கோ ஆப்ட் அவுட் உண்டு. பிளேக் ஸ்னெல் 2024 மார்ச்சில் ஜயன்ட்ஸோடு இரண்டு வருடத்துக்கு 6.2 கோடி என்று கையெழுத்திட்டார். ஒரு வருடம் முடிந்ததும் அந்த ஷரத்தைப் பயன்படுத்தி வெளியே வந்து டாட்ஜர்ஸிடம் 18.2 கோடி வாங்கினார். முறைப்படி செய்தார், யாரும் கேட்க முடியாது.

தவணை விஷயம் இன்னும் வேடிக்கை. டாட்ஜர்ஸ் ஷோஹெய் ஒடானிக்குக் கொடுக்க வேண்டிய 70 கோடியில் 68 கோடியை 2034இலிருந்து கொடுத்தால் போதும். முன்னாள் ஆட்டக்காரர் பாபி போனியாவுக்குப் பாக்கி வைத்த 59 லட்சத்தை மெட்ஸ் தள்ளிப்போட்டது. அதற்கு வட்டி சேர்ந்து, 2011 முதல் 2035 வரை ஒவ்வொரு ஜூலை முதல் தேதியும் ஏறக்குறைய 12 லட்சம் டாலர் எழுதிக் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. இந்தத் தொழிலில் கடனைத் தள்ளிப்போடுவது அவ்வளவு சாதாரணம். நான் என் சந்தாவை நான்கு தவணையில் கட்டலாமா என்று கேட்டேன். ஒவ்வொரு தவணைக்கும் சேவைக் கட்டணம் உண்டு என்றது உங்கள் பிரிவு.

பரிசோதிக்கும் உரிமை, வெளியேறும் உரிமை, பிறகு கொடுக்கும் உரிமை எல்லாம் உங்களுக்கும் அவர்களுக்கும். எனக்கு இருப்பது தானியங்கிப் புதுப்பித்தல் மட்டும்தான். அதிலும் சந்தை திறப்பதற்கு முன்பே என்னிடம் பணம் வாங்கிவிடுகிறீர்கள். ஃப்ரீ ஏஜென்ட்கள் கையெழுத்திடுவது நவம்பரிலிருந்து பிப்ரவரி, மார்ச் வரை. நீங்கள் யாரை வாங்குவீர்கள், யாரைக் கோட்டை விடுவீர்கள் என்று தெரியாமலே நான் அக்டோபரில் முழுத் தொகையும் கட்டியாக வேண்டும்.

சம்பளச் செலவு கூடியதால்தான் டிக்கெட் விலை கூடியது என்று உங்கள் பிரதிநிதி தொலைபேசியில் சொன்னார். பாவம், அவருக்குக் கொடுத்த வரியை அவர் படித்தார். டிக்கெட் விலை அப்படி வருவதில்லை. எவ்வளவுக்கு ஆள் வாங்குவார்களோ அவ்வளவுக்கு விற்கிறீர்கள்; சம்பளம் குறைந்தாலும் அதே விலைக்குத்தான் விற்பீர்கள். ஷார்ட்ஸ்டாப்பின் சம்பளம் மிச்சமானபோது எனக்கு எதுவும் திரும்பி வரவில்லையே. வாங்க ஆள் இருக்கிறார்கள், அதனால் ஏற்றினோம் என்று நேராகச் சொல்லியிருந்தால் இந்தக் கடிதத்தில் பாதியை எழுதியிருக்க மாட்டேன்.

பிட்சர் விலகிய செய்தி வந்த வாரம் மறுபடி அழைத்தேன். ஆட்டக்காரர் பட்டியல் மாறக்கூடும் என்று விதிமுறைகளில் பொடி எழுத்தில் இருப்பதைச் சுட்டிக்காட்டினார்கள். இருக்கிறது, படித்தேன். கையேட்டில் முதலீடு என்ற சொல் மட்டும் கண்ணை அடிக்கிற அளவுக்குப் பெரிதாக இருக்கிறது. பிறகு நல்லெண்ண அடையாளமாக 20 டாலர் உணவுக் கூப்பன் ஒன்று அனுப்பினீர்கள். உங்கள் மைதானத்து விலையில் இரண்டு ஹாட் டாக் வாங்கினால் பானத்துக்குக் கையிலிருந்துதான் போட வேண்டும்.

நான் கேட்பது இவ்வளவுதான். இந்த வருடம் உயர்த்திய 18 சதவீதத்தைத் திருப்பித் தாருங்கள். அடுத்த வருடச் சந்தாவில், பிட்சர்களும் கேட்சர்களும் பயிற்சி முகாமுக்கு வந்து சேரும் பிப்ரவரி நடு வரை, காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளும் உரிமையை எழுத்தில் தாருங்கள். குளிர்காலத்தில் நீங்கள் செய்த வேலையைப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன். அதுவரை முன்பணமாகக் கால்வாசி கட்டவும் தயார். இதனால் உங்களுக்கு நஷ்டம் வரும் என்று பயந்தால், கையேட்டில் எழுதுவதை நீங்களே நம்பவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

30 நாட்களுக்குள், இயந்திரம் எழுதாத பதில் ஒன்றை எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் கார்டு நிறுவனத்திடம் இந்தக் கட்டணத்தை மறுத்து விண்ணப்பிப்பேன். தானியங்கிப் புதுப்பித்தல் பற்றி மாநில நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகத்திலும் புகார் கொடுப்பேன்.

ஒன்று மட்டும் தெளிவாக இருக்கட்டும்: இருக்கைகளை நான் விடுவதாக இல்லை. அந்த முதல் பேஸ்மேன் ஏப்ரலில் நன்றாகவே அடிக்கிறார். என் கவலை அவருடைய நான்காவது வருடத்தைப் பற்றி.

இப்படிக்கு,
மூன்றாம் பேஸ் பக்கத்து மேல்தளச் சந்தாதாரர்

இணைப்பு: அக்டோபர் மாதக் கார்டு ரசீது, கையேட்டின் முதல் பக்கம், பயன்படுத்தாத உணவுக் கூப்பன்