நிவாரணப் பைக்குள் சுவிசேஷக் கைப்பிரதி வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்கட்கு,

போரில் வீடிழந்தவர்களைத் தேடிப்போய் உதவியும் ஆறுதலும் கொடுக்கும் கிறிஸ்தவத் தொண்டர்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை வாசித்தோம். நல்ல கட்டுரை. ஆனால் அதை வாசித்துவிட்டு அடுத்த கிழமையே லொறி பிடிக்கக் கிளம்பும் வாலிபர் சங்கங்களுக்கு அதில் கைக்குதவும் தகவல் ஒன்றுமில்லை. மட்டக்களப்புக்கு இது புதிய வேலையுமில்லை. 2006 ஓகஸ்டில், திருகோணமலை மாவட்டத்துச் சம்பூர், மூதூர் கிழக்குச் சனம் வெருகல் ஆறு கடந்து எங்கள் மாவட்டத்து வாகரைக்கு வந்தது. 2007 ஜனவரி முடிவதற்குள் வாகரையும் வெறுமையாகிவிட்டது. அந்த மார்ச்சில் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை மக்கள் வாவியைத் தாண்டிக் கிழக்கே எழுவான்கரைக்கு வந்தபோது மாவட்டத்தில் இடம்பெயர்ந்தோர் தொகை ஒன்றரை இலட்சத்துக்கும் மேலே போனது. அப்போது பட்டுத் தெளிந்த சிலவற்றை எழுதுகிறோம்.

முதலில் பை. ஆளொருவருக்கு நாளைக்கு 2,100 கலோரி வேண்டும் என்பது நிவாரண வேலையில் பொதுவாக ஏற்றுக்கொண்ட கணக்கு. அரிசி 400 கிராம், பருப்பு 60, எண்ணெய் 25, சீனி 20 என்று போட்டால் 1,900ஐத் தாண்டும். நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு நாளைக்குப் பாதித் தேங்காய் சேர்த்தால் குறை அநேகமாகத் தீர்ந்துவிடும். கிழமைக் கணக்கில் அந்தக் குடும்பத்துக்கு அரிசி 11 கிலோவுக்குச் சற்று மேலே, பருப்பு 1,700 கிராம், எண்ணெய் 700 கிராம், சீனி அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட, தேங்காய் நாலு. ஐந்து கிலோ அரிசிப் பையைக் கொடுத்துவிட்டு "ஒரு மாத நிவாரணம்" என்று பதாகை பிடிப்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும். அது மூன்றாம் நாள் இரவோடு முடிந்துவிடும்.

கட்டுகிற விதத்திலும் பிழை வரும். எண்ணெயைப் பொலித்தீன் பையில் ஊற்றி முடிச்சுப் போட்டு அரிசிக்குள் வைத்தால் லொறிக் குலுக்கலில் முடிச்சு இளகும். மூடி இறுகிய போத்தல்தான் சரி, அதுவும் தனியாகப் போக வேண்டும். சவர்க்காரத்தைத் தேயிலையோடு ஒரே பையில் போடவே கூடாது. வெயிலில் இரண்டு மணித்தியாலம் கிடந்தாலே போதும், அந்தத் தேயிலை முடியும்வரை தேத்தண்ணி சவர்க்காரமாகத்தான் மணக்கும். நெருப்புப்பெட்டி, உப்பு, ஒரு சட்டி, ஒரு அகப்பை, ஒரு திருவலை. திருவலை இல்லாத குடும்பத்துக்கு நாலு தேங்காய் கொடுத்து என்ன பயன்?

முதல் இரண்டு நாளும் சட்டிபானை இல்லாமல் வருபவர்களுக்குச் சமைத்த சாப்பாடே வேண்டும். காலை ஆறு மணிக்குச் சோறாக்கி, சூட்டோடு லஞ்ச் ஷீற்றில் சுற்றி, தேங்காய்ச் சம்பலையும் பக்கத்தில் வைத்து மத்தியானம் இரண்டு மணிக்குக் கொடுத்தால், பின்னேரம் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். இறக்கி இரண்டு மணித்தியாலத்துக்குள் கைக்குப் போக வேண்டும். பால்கறியும் சம்பலும் தவிர்த்து, பருப்பையும் கத்தரிக்காயையும் இறுக்கமாக வைத்தால் தாங்கும். வெள்ளிக்கிழமையில் மீன் போடாதீர்கள், அன்று முகாமில் பாதிப் பேர் சைவச் சாப்பாடு. முஸ்லிம் குடும்பங்கள் இருந்தால் டின் இறைச்சியை விட்டுவிடுங்கள். பால்மாவைப் பொதுவாக எல்லாருக்கும் அள்ளிக் கொடுப்பதும் ஆபத்து. சுத்தத் தண்ணீர் இல்லாத இடத்தில் போத்தல் பால் கைக்குழந்தைக்கு நோயைத்தான் கொண்டுவரும். தாய்ப்பால் கொடுக்க முடியாத தாய் யாரென்று குடும்பநல உத்தியோகத்தரைக் கேட்டு, அவர்களுக்கு மட்டும் அவர் கையாலேயே கொடுக்கலாம்.

இனித் தலைப்பில் சொன்ன விடயம். அரிசிக்கும் பருப்புக்கும் நடுவே சுவிசேஷக் கைப்பிரதி ஒன்றைச் செருகும் பழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. படுவான்கரையிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலானோர் சைவர்கள், கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் தேரிழுத்த கைகள். பசியோடு வரிசையில் நிற்பவர் அந்தத் தாளை வேண்டாம் என்று சொல்ல முடியாது. வேண்டாம் என்று சொல்ல முடியாதவரிடம் நீட்டுவதற்கு அழைப்பு என்று பெயரில்லை. உதவியைக் காட்டி மதம் மாற்றுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு 2004இல் சட்டமூலமாகவே பாராளுமன்றத்துக்கு வந்த நாடு இது. ஒரு தாளுக்காக அடுத்த லொறியை ஊரார் மறித்தால் நட்டம் யாருக்கு? செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994இல் வகுத்த நடத்தைக் கோவையின் மூன்றாம் பிரிவு, உதவியை மத, அரசியல் நிலைப்பாடுகளைப் பரப்பப் பயன்படுத்தக்கூடாது என்கிறது. அதை வகுத்தவர்களில் கத்தோலிக்க உதவி அமைப்பான காரித்தாஸும் உலகத் திருச்சபைகள் மன்றமும் உண்டு. ஆகவே இது நமக்கு வெளியே யாரோ போட்ட சட்டம் என்று முணுமுணுக்க இடமில்லை. நல்ல சமாரியனும் காயத்தைக் கட்டினான், சத்திரக்காரனுக்குப் பணம் கொடுத்தான். பிரசங்கம் பண்ணியதாக எங்கும் இல்லை. ஜெபிக்கச் சொல்லித் தாங்களாகக் கேட்பவர்களோடு ஜெபியுங்கள், பை கொடுக்கும் இடத்தில் வேண்டாம், பை கொடுக்கும் நாளிலும் வேண்டாம்.

தண்ணீருக்கு ஆளுக்கு நாளைக்கு 15 லீற்றர். நூறு குடும்பம், 400 பேர் என்றால் 6,000 லீற்றர். பவுசர்க்காரர் வந்தார் என்பதோடு நிற்காமல், எத்தனை லீற்றர் இறக்கினார் என்று தாங்கியில் கோடு போட்டுப் பார்க்க வேண்டும். கிணற்றுத் தண்ணீரானால் குளோரின். 70 வீதக் குளோரின் தூள் 15 கிராமை ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்து, தெளிந்த பின் மேல்நீரை எடுத்தால் அது ஒரு வீதக் கரைசல். அதில் 4 மில்லிலீற்றர், தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு, 20 லீற்றர் கலனுக்கு. அரை மணித்தியாலம் விட்டுக் குடிக்கலாம். கலங்கல் தண்ணீரை முதலில் துணியில் வடித்து, அளவை இரட்டிப்பாக்க வேண்டும். திறந்து கிடந்த தூள் வீரியம் இழந்திருக்கும், தகரத்தில் வைத்தால் தகரத்தையே அரிக்கும். "மணக்கட்டும், அப்போதுதான் சுத்தம்" என்று கூடுதலாகப் போட்டால் சனம் முகத்தைச் சுளித்துவிட்டு மருந்து போடாத பக்கத்துக் கிணற்றுக்குப் போய்விடும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சோதனைப் பெட்டி இருக்கும். மிச்சக் குளோரின் லீற்றருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை நின்றால் போதும். வாளிக்குள் கையை விட்டு ஜக்கால் அள்ளினால் இவ்வளவும் வீண். ஒடுங்கிய வாய்க் கலன் கொடுங்கள்.

மலசலகூடம் 20 பேருக்கு ஒன்று, தொடக்கத்தில் முடியாவிட்டால் 50 பேருக்கு ஒன்று. கிணற்றிலிருந்து 30 மீற்றராவது தள்ளி இருக்க வேண்டும். நமது கடற்கரை மணலில் நிலத்தடி நீர் உயரம், மாரியில் குழி நிரம்பி மிதக்கும். குழியை ஆழமாக வெட்டாமல் மேலே உயர்த்திக் கட்டுவதே சரி. பெண்கள் பக்கக் கதவில் உட்தாழ்ப்பாளும் வழியில் வெளிச்சமும் இல்லையென்றால் அவர்கள் இரவுக்காகப் பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், பெண் தொண்டர்கள்தான் கேட்டறிய வேண்டும். உள்ளாடையும் மாதவிடாய்த் துணியும் அப்படித்தான்.

தறப்பாளைப் பற்றி ஒன்று மட்டும். மணலில் முளை நிற்காது. மணல் நிரப்பிய உரப்பையைக் கயிற்றில் கட்டிப் புதையுங்கள். மேலே கிடுகு போட்டால் பகல் வெக்கை குறையும்.

ஆறுதல் என்று போகிறவர்கள் பேச்சைக் குறைக்க வேண்டும். "என்ன நடந்தது, சொல்லுங்கோ" என்று தோண்டாதீர்கள். அவர்களாகச் சொன்னால் முழுதும் கேளுங்கள். "கர்த்தருடைய சித்தம்" என்று பிள்ளையை இழந்த தாயிடம் சொல்வது ஆறுதலில் சேராது. காணாமற்போனவர் வருவார் என்று வாக்குக் கொடுக்கவும் கூடாது. பெயர், வயது, கடைசியாகக் கண்ட இடம், திகதி ஆகியவற்றை அந்தக் குடும்பமே செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவிடம் பதிய உதவுங்கள். அந்த ஒற்றைப் படிவத்தை நிரப்பக் கூட இருக்கும் அரை மணித்தியாலம் பல கூட்டங்களுக்குச் சமம்.

கடைசியாக, முகாமில் இல்லாமல் உறவினர் வீட்டில் ஒதுங்கியிருப்பவர்கள். ஒரு வீட்டில் நாலு குடும்பம், கிணறு ஒன்று, பதிவு இல்லை, ஆகவே பையும் இல்லை. கிராம சேவையாளரின் பட்டியலை மட்டும் நம்பாமல் தெருத்தெருவாகப் போனால்தான் இவர்கள் தெரிவார்கள். இடங்கொடுத்த வீட்டுக்காரருக்கும் ஒரு பங்கு கொடுங்கள், அவர்கள் அரிசிப் பானையும் காலியாகத்தான் இருக்கும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படியான கட்டுரைக்குப் படம் போடும்போது, பை வாங்கும் பிள்ளையின் முகத்தைத் தவிர்த்து, இறக்கி வைத்த சாமானைப் போடுங்கள்.

இப்படிக்கு,
நிவாரணப் பணியில் ஈடுபட்ட திருச்சபைத் தொண்டர்கள் சிலர்,
மட்டக்களப்பு.