நிறுத்தாதே, கலா

அன்புள்ள கலாவுக்கு,

பேத்தி பிறந்த செய்தியைப் படித்ததும் சமையலறையில் இருந்தவரைக் கூப்பிட்டு உன் கடிதத்தைச் சத்தமாகவே வாசித்தேன். நீ பாட்டியாகிவிட்டாய் என்பதை ஏற்றுக்கொள்ள எனக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும். தாயும் குழந்தையும் நலம் என்று எழுதியிருந்தது பெரிய நிம்மதி. இங்கே என் முழங்கால் வலி ஓரளவு அடங்கியிருக்கிறது. படி இறங்கும்போது மட்டும் கைப்பிடி வேண்டும். அவர் ஓய்வு பெற்றதிலிருந்து நாள் முழுக்கச் செடிகளோடுதான். பையன் வேலை மாறிவிட்டான், அதை அப்புறம் எழுதுகிறேன்.

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாயே, அதுதான் எனக்கு மனசிலேயே நிற்கிறது. பெரிய கேமரா பழுதாகிவிட்டது, இனி புதிது வாங்கும்வரை படம் எடுக்கப் போவதில்லை, கையில் இருப்பது மருமகன் கொடுத்த பழைய செல்போன் மட்டும்தான் என்று. வேண்டாம் கலா, நிறுத்தாதே. புதிய கேமரா எப்போது வரும் என்று உனக்கே தெரியாது. அதற்குள் பேத்தி தவழ ஆரம்பித்துவிடுவாள். நான் சமாதானத்துக்காக இதைச் சொல்லவில்லை. அந்தப் பழைய போனால் உன் பெரிய கேமரா எடுக்க முடியாத படங்களை எடுக்க முடியும் என்று உண்மையாகவே நம்புகிறேன்.

முதலில் அது எப்படிப்பட்ட கேமரா என்று பார். அதன் லென்ஸின் உண்மையான குவியத் தூரம், அதாவது தொலைவிலிருந்து வரும் ஒளியை லென்ஸ் குவிக்கிற தூரம், சில மில்லிமீட்டர்தான். உன் கேமராவில் 50 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டு, முகம் தெளிவாகவும் பின்னணி கரைந்தும் போகிற மாதிரி எடுப்பாயே, அது இதில் வராது. குவியத் தூரம் குறையக் குறைய, கிட்டத்தில் இருப்பதும் தொலைவில் இருப்பதும் சேர்ந்தே தெளிவாக விழும். இதைக் குறை என்று நினைத்து எல்லாரும் போர்ட்ரெய்ட் மோடைத் தட்டி, மென்பொருளை வைத்துப் பின்னணியை மங்கலாக்குகிறார்கள். தலைமுடியின் ஓரம் கத்தரித்து ஒட்டினதுபோல வருகிறது. எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. எல்லாமே தெளிவாகத் தெரிந்தால்தான் அழகு என்கிற படங்களைத் தேடிப் போவதே மேல். போனைத் தலைகீழாகப் பிடித்து, லென்ஸ் தரையை ஒட்டி இருக்கும்படி வைத்து எடுத்துப் பார். உதிர்ந்து கிடக்கும் ஓர் இலை படத்தின் பாதியை அடைத்துக்கொண்டு முன்னால் நிற்கும். பின்னால் சுவர், மரம், வானம் எல்லாம் அதனதன் இடத்தில் தெளிவாக இருக்கும். உன் பெரிய லென்ஸின் விட்டத்துக்கு அவ்வளவு தாழ்வாக இறங்கவே முடியாது.

இன்னும் கிட்டே போகவேண்டும் என்றால் ஒரு துளி தண்ணீர் போதும். போனைக் கவிழ்த்துப் படுக்கவைத்து, பின்பக்க லென்ஸின் மேல் விரல் நுனியால் மிகச் சிறிய துளி ஒன்றை வை. மெதுவாகத் திருப்பினால் அது விழாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தத் துளி ஒரு குவிலென்ஸாக வேலை செய்யும். துணியின் இழை, பூவின் மகரந்தம், உப்புக் கல் என்று எதற்கும் நெருங்கிப் போகலாம். போனை முன்னும் பின்னும் மெல்ல நகர்த்தித்தான் ஃபோகஸ் பிடிக்கவேண்டும். துளி சிறிதாக இருக்கவேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதே, பழைய போனுக்குள் தண்ணீர் இறங்கக் கூடாது.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். பிரான்ஸில் லார்த்திக் என்று ஒருவர் இருந்தார். 1894-இல் பிறந்தவர், சிறு பிள்ளையாக இருக்கும்போதே கேமராவைக் கையில் எடுத்துவிட்டவர். இளவயதில் அவர் எடுத்த ஒரு பந்தயக் கார் படம் உலகப் புகழ் பெற்றது. கார் பாதி படத்தை விட்டு வெளியே போய்விட்டிருக்கும். சக்கரம் வட்டமாக இல்லாமல் முன்பக்கம் சாய்ந்த முட்டை வடிவத்தில் இருக்கும். பாதையோரம் நிற்கும் ஆட்களும் கம்பமும் எதிர்ப்பக்கம் சாய்ந்திருப்பார்கள். வேகம் என்றால் என்ன என்று அந்த ஒரே படத்தைப் பார்த்தால் புரிந்துவிடும்.

எப்படி வந்தது அந்தச் சாய்வு? அவருடைய கேமராவில் ஒளியை உள்ளே விடுகிற ஷட்டர், ஒரு குறுகிய பிளவு. அது படம் பதிகிற தகட்டின் குறுக்கே நகர்ந்துகொண்டே போகும். படத்தின் ஒரு பகுதி முதலிலும் இன்னொரு பகுதி சற்றுப் பின்னாலும் பதிவாகும். சக்கரத்தின் அடிப்பகுதி பதிவாகி முடித்து மேல்பகுதிக்கு முறை வரும்போது கார் முன்னே நகர்ந்துவிட்டது. அவர் காரைத் தொடர்ந்து கேமராவையும் திருப்பிக்கொண்டிருந்ததால், நின்றுகொண்டிருந்த மனிதர்கள் மறுபக்கம் சாய்ந்தார்கள். கேமராவின் குறையே அப்படியே படத்தின் உயிராகிவிட்டது. 1963-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அவர் படங்களைக் காட்சிக்கு வைத்தபோது அவருக்கு அறுபது வயது தாண்டிவிட்டது.

உன் கையில் இருக்கும் போனும் இதையேதான் செய்கிறது, தெரியுமா? படத்தைப் பதிகிற அதன் சென்சார் முழுப் படத்தையும் ஒரே கணத்தில் படிப்பதில்லை. வரிவரியாகப் படிக்கிறது. நல்ல வெளிச்சத்தில் சுழலும் மின்விசிறியை எடு, இறக்கைகள் கத்தி போல வளைந்து வரும். ஓடும் வண்டியின் ஜன்னலிலிருந்து எடுத்தால் கிட்டத்துக் கம்பங்கள் எல்லாம் சாயும். பழைய போன் என்றால் இந்த விளைவு இன்னும் கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு, ஏனென்றால் புதிய சென்சார்கள் வேகமாகப் படித்துவிடுகின்றன. பனோரமா மோடை வைத்து இதையே இன்னும் மெதுவாகச் செய்யலாம். நீ போனைத் திருப்புகிற திசையிலேயே ஒருவர் நடந்தால் நீண்டு போவார், எதிர்த்திசையில் நடந்தால் ஒடுங்கிப் போவார். உன் மகளை அறைக்குள் மெதுவாக நடக்கச் சொல்லி எடுத்துப் பார். என்ன வருகிறது என்று முன்கூட்டி ஓரளவுக்குத்தான் ஊகிக்க முடியும், அந்த எதிர்பார்ப்பே எனக்குப் பெரிய சந்தோஷமாக இருக்கிறது.

சரி, வெளிச்சத்துக்கு வருவோம். இந்தக் காலத்துப் போன்கள் எல்லாவற்றையும் ஒரே அளவு வெளிச்சமாக்கப் பார்க்கும், நிழல் என்பதே இருக்கக் கூடாது என்பது போல. அதை நீதான் தடுக்கவேண்டும். பல போன்களில் திரையில் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும், பிறகு விரலைக் கீழே இழுத்தால் படம் இருண்டுகொண்டே வரும். ஜன்னலுக்கு எதிராக நிற்கும் ஒருவரை இப்படி எடுத்தால் முகம் மறைந்து உருவம் மட்டும் கருமையாக நிற்கும். உன் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் நிழலுக்குக் கொடுத்த இடத்தை இதிலும் கொடு. அழகுபடுத்தும் ஃபில்டர் தானாக இயங்கிக்கொண்டிருந்தால் முதல் வேலையாக அதை அணைத்துவிடு. தோலில் இருக்கும் சுருக்கத்தையும் மச்சத்தையும் துடைத்துவிட்ட பிறகு அந்த முகத்தில் பார்க்க என்ன இருக்கிறது? லென்ஸை மென்மையான துணியால் துடைத்துக்கொள் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் பேத்தியை வைத்துக்கொண்டிருக்கும் கைக்கு எப்போதும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், அதனால் சொல்கிறேன்.

போன வாரம் முழுக்க நான் மூழ்கிக் கிடந்தது வேறு ஒன்றில். உன்னிடம் போலரைஸ்டு கூலிங் கிளாஸ், அதாவது ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடுகிற கண்ணாடி, இருக்கிறதா? மடிக்கணினித் திரையை வெறும் வெள்ளையாக வைத்து, அந்தக் கண்ணாடியைப் போன் லென்ஸுக்கு முன்னால் பிடித்துச் சுழற்று. ஒரு கோணத்தில் வெள்ளைத் திரை கறுத்துப் போகும். எல்சிடி திரையிலிருந்து வரும் ஒளி ஒரே தளத்தில் அதிர்வதால் கண்ணாடி அதை மறித்துவிடுகிறது. இப்போது திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பொருள் ஏதாவது ஒன்றைப் பிடி. ஸ்கேல், ஸ்பூன், பழைய சிடி பெட்டி, எதுவானாலும் சரி. கறுப்பு நடுவே வானவில் வரிவரியாக எழும்பும்! அச்சில் வார்த்தபோது பிளாஸ்டிக்குக்குள் தங்கிவிட்ட இறுக்கம்தான் அப்படி நிறமாகத் தெரிகிறது. இறுக்கம் அதிகமுள்ள மூலைகளிலும் துளைகளைச் சுற்றியும் நிறங்கள் நெருக்கமாக இருக்கும். பொறியாளர்கள் மாதிரிகளில் அழுத்தம் எங்கே சேர்கிறது என்று பார்க்க இதே வழியைப் பயன்படுத்துவார்கள். நான் டிராயரில் கிடந்த ஒவ்வொரு பிளாஸ்டிக்கையும் எடுத்துப் பார்த்துவிட்டேன். கணித வகுப்பில் நாம் வைத்திருந்த பாகைமானி ஒன்று அகப்பட்டது, அதில் வந்த படம்தான் எல்லாவற்றிலும் சிறந்தது. இத்துடன் பிரிண்ட் வைத்திருக்கிறேன்.

குழந்தையை விட்டு வெளியே நகர முடியவில்லை என்றும் எழுதியிருந்தாய். பிராக் நகரத்தில் வாழ்ந்த யோசப் சுதெக் பற்றி உனக்கு எப்போதாவது சொல்லியிருக்கிறேனா? முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர். ஒற்றைக் கையோடு பெரிய கேமராக்களைத் தூக்கிக்கொண்டு திரிந்தவர். 1940 முதல் 1954 வரை தன் ஸ்டூடியோவின் ஜன்னலைத் திரும்பத் திரும்பப் படமெடுத்தார். கண்ணாடியில் வழியும் நீர், உறைபனி, வெளியே முறுக்கிக்கொண்டு நிற்கும் ஒரு மரம், விளிம்பில் வைத்த ஒரு டம்ளர். ஒரே ஜன்னல்தான், ஆனால் ஒரு படம்போல இன்னொன்று இல்லை. உன் வீட்டு ஜன்னலின் ஒரு மூலையைக் குறித்துவைத்துக்கொண்டு காலையிலும் அந்தியிலும் எடு. முதலில் சலிப்பாக இருக்கும். அதற்குப் பிறகுதான் வெளிச்சம் எப்படியெல்லாம் நடந்துகொள்கிறது என்று கண்ணுக்குப் புலப்பட ஆரம்பிக்கும்.

பேத்தியின் படங்களுக்கும் அதே ஜன்னல்தான். ஃபிளாஷ் வேண்டாம். பக்கவாட்டில் வரும் வெளிச்சத்தில் படுக்கவைத்து, அவள் கண் மட்டத்துக்கு நீயும் குனிந்துகொள். முகத்துக்கு ரொம்பக் கிட்டே போகாதே. போனின் லென்ஸ் அகலக் கோணம் கொண்டது, கிட்டே போனால் மூக்கு பெரிதாகவும் காது சிறிதாகவும் வரும். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று எடுத்து, பிறகு வேண்டிய அளவுக்கு வெட்டிக்கொள். கை, கால் விரல், மடிப்பு விழுந்த மணிக்கட்டு இவற்றுக்குத் தாராளமாகக் கிட்டே போகலாம். அவள் அசைந்து படம் கலங்கினால் உடனே அழித்துவிடாதே. ஜூலியா மார்கரெட் கேமரான் என்ற அம்மையாருக்கு 1863-இல், 48 வயதில்தான், முதல் கேமரா கிடைத்தது. கொடுத்தது மகளும் மருமகனும், உனக்குப் போன் வந்தது போலவே! அவர் படங்கள் தெளிவாக இல்லை என்று அந்தக் காலத்து விமர்சகர்கள் குறை சொன்னார்கள். ஃபோகஸைத் திருப்பிக்கொண்டே வந்து, கண்ணுக்கு அழகாகத் தெரிந்த இடத்தில் நிறுத்திக்கொள்வது அவர் வழக்கம். இன்று அந்த மங்கலான முகங்களை அருங்காட்சியகங்கள் பொத்திப் பாதுகாக்கின்றன.

பையனைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. புதிய வேலையில் வாரத்துக்குச் சில நாட்கள் வீட்டிலிருந்தே வேலை செய்கிறான். அவனுடைய பழைய ஸ்கேனர் இப்போது என் வசம் வந்துவிட்டது. இருட்டு அறையில் மூடியைத் திறந்து வைத்து, கண்ணாடிமேல் பூக்களைப் பரப்பி ஸ்கேன் செய்தால் பின்னணி கன்னங்கரேலென்று வருகிறது. கண்ணாடியைத் தொடும் இதழ்கள் நரம்பு நரம்பாகத் தெரிகின்றன, மேலே போகப் போக மங்கி இருளில் கலந்துவிடுகின்றன. அதுவும் ஒரு கேமராதானே. அவருடைய செடிகளிலிருந்து பூப்பறிக்க அனுமதி வாங்குவதுதான் பெரும்பாடு.

அடுத்த கடிதத்தில் எனக்குக் குறைந்தது மூன்று படங்களாவது வரவேண்டும். ஒன்று தரையை ஒட்டி எடுத்தது, ஒன்று ஜன்னல், ஒன்று பேத்தியின் பாதம். போனில் அனுப்பாதே, பிரிண்ட் போட்டு அனுப்பு. உன் மகளை நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கச் சொல், மருமகனுக்கு என் அன்பைச் சொல். குழந்தைக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று எழுதவே மறந்துவிட்டாய்.

அன்புடன்,
வசந்தி