சுரங்க ரயிலுக்கு மேலே 35 கிலோமீட்டர்: கைகொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

வணக்கம்.

ஜனவரி மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், திருமங்கலத்தில் தொடங்கி சைதாப்பேட்டையில் முடிந்த சைக்கிள் சவாரிக்குத் துணைநின்ற எல்லோருக்கும் இந்த மடல். சென்னை மெட்ரோவின் 21 சுரங்க நிலையங்களையும் ஒரே காலையில் தொட்டு வரவேண்டும் என்பதுதான் சவால். வந்த 36 பேரும் பத்திரமாக முடித்தார்கள். அன்று சைக்கிள் மிதிக்காதவர்களுக்குத்தான் அதில் பெரும்பங்கு. யார் சொன்ன எந்த யோசனை எங்கே பயன்பட்டது என்று விவரமாகவே எழுதுகிறோம். இதே சவாலை எடுக்க நினைக்கும் அடுத்த குழுவுக்கு அது தேவைப்படும்.

முதல் நன்றி, எங்கள் நிலையப் பட்டியலைத் திருத்திக் கொடுத்தவருக்கு. பழைய வரைபடத்தைப் பார்த்து எழுதினால் 19 நிலையங்கள்தான் வரும். 2021 பிப்ரவரி 14 அன்று வண்ணாரப்பேட்டைக்கு வடக்கே பாதை நீண்டபோது சர் தியாகராயா கல்லூரி, தண்டையார்பேட்டை என்ற இரண்டு சுரங்க நிலையங்கள் கூடின. பெயர்க் குழப்பமும் உண்டு. வண்ணாரப்பேட்டை நிலையம் தரைக்குக் கீழே இருக்கிறது. புதுவண்ணாரப்பேட்டை தூண்களின் மேல் இருக்கிறது. ரயில் வெளிச்சத்துக்கு ஏறிவரும் மூன்று இடங்களை நினைவில் வைத்துக்கொண்டால் பட்டியல் தவறாது என்று அவர் சொல்லித் தந்தார்: வடக்கே தண்டையார்பேட்டையைத் தாண்டியதும், மேற்கே திருமங்கலத்துக்கும் கோயம்பேட்டுக்கும் நடுவில், தெற்கே சைதாப்பேட்டைக்கும் சின்னமலைக்கும் நடுவில். இந்த மூன்று முனைகளுக்குள் இருப்பதெல்லாம் சுரங்கம்.

பாதை போட்டுத் தந்த கணக்கு ஆசிரியைக்கு அடுத்த நன்றி. சென்ட்ரலை மையமாக வைத்தால் மூன்று கிளைகள். மேற்குக் கிளையும் தெற்குக் கிளையும் நீளமானவை, வடக்குக் கிளை சிறியது. மூன்று கிளைகளையும் தொட வேண்டுமானால் ஏதோ ஒன்றில் போன வழியே திரும்பித்தான் ஆகவேண்டும். மிகச் சிறிய கிளையில் திரும்புங்கள், மற்ற இரண்டின் நுனிகளில் ஒன்றில் தொடங்கி இன்னொன்றில் முடியுங்கள் என்றார். அப்படித்தான் வரிசை அமைந்தது: திருமங்கலம், அண்ணா நகர் டவர், அண்ணா நகர் கிழக்கு, ஷெனாய் நகர், பச்சையப்பன் கல்லூரி, கீழ்ப்பாக்கம், நேரு பூங்கா, எழும்பூர், சென்ட்ரல், பிறகு வடக்கே உயர் நீதிமன்றம், மண்ணடி, வண்ணாரப்பேட்டை, தியாகராயா கல்லூரி, தண்டையார்பேட்டை, திரும்பி வந்து அரசினர் தோட்டம், எல்ஐசி, ஆயிரம் விளக்கு, ஏஜி-டிஎம்எஸ், தேனாம்பேட்டை, நந்தனம், சைதாப்பேட்டை. திருமங்கலத்திலிருந்து நேரு பூங்கா வரையிலான ஏழும் 2017 மே 14 அன்று திறந்தவை. நகரின் முதல் சுரங்கப் பகுதி அதுதான். தொடக்கம் அங்கே அமைந்ததில் எங்களுக்குத் தனி மகிழ்ச்சி.

நேரத்தில்தான் முதல் திட்டம் கோட்டைவிட்டிருந்தது. மணிக்கு 14 கிலோமீட்டர் வேகத்தில் 35 கிலோமீட்டருக்கு இரண்டரை மணி நேரம் என்று எழுதியிருந்தோம். ஒரு நிலையத்தில் நின்று, படம் எடுத்து, மறுபடி கிளம்ப மூன்று நிமிடம் ஆகும். 21 நிலையங்களுக்கு 63 நிமிடம். தேநீருக்கு 15 நிமிடம். மொத்தம் 3 மணி 48 நிமிடம். இதையும் அந்த ஆசிரியைதான் சுட்டிக்காட்டினார். ஆறு பேர் கொண்ட ஆறு அணிகள், அணிக்கு அணி 10 நிமிட இடைவெளி என்று பிரித்தோம். முதல் அணி 5 மணிக்கு, கடைசி அணி 5.50-க்கு. ஆறு பேருக்கு மேல் ஒன்றாக நின்றால் நிலைய வாசல் அடைபடும்; சிக்னலிலும் அணி இரண்டாக உடையும்.

வடசென்னைப் பகுதிக்காக நாங்கள் கடன்பட்டிருப்பது துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ஓட்டும் லாரி ஓட்டுநர்களுக்கு. திரும்பும்போது ராயபுரம் வழியாக ராஜாஜி சாலையைப் பிடித்தால் அகலமான சாலை கிடைக்கும் என்று நினைத்திருந்தோம். துறைமுகத்துக்கு ஞாயிறு என்று ஒன்று கிடையாது, அந்தப் பக்கம் வராதீர்கள் என்று அவர்கள் ஒரே குரலில் சொன்னார்கள். வந்த வழியான திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலேயே திரும்பினோம். அதோடு, நிறுத்தியிருந்த டிரெய்லர் ஒன்றின் இருக்கையில் எங்கள் வழிகாட்டிகளை ஒவ்வொருவராக ஏற்றி உட்காரவைத்து, இடப்பக்கம் எவ்வளவு தூரம் வரை கண்ணுக்குத் தெரியாது என்று காட்டினார்கள். கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கும் நீங்கள் தெரியவில்லை. டிரெய்லர் இடப்பக்கம் திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரம் போன தடத்தில் போகாது. உள்ளே வெட்டிக்கொண்டு வரும். எனவே சிக்னலில் லாரிக்கு இடப்பக்கம் புகுந்து முன்னால் போகவே கூடாது, பின்னால்தான் நிற்கவேண்டும். புறப்படும் முன் ஆறு அணிகளுக்கும் இதைத்தான் முதலில் சொன்னோம்.

அந்தக் கிளையில் இருமுறை போவதால் ஒரு வசதியும் இருந்தது. போகும்போது இடப்பக்க வாசல் தோதாக இருக்கும் நிலையங்களை அப்போதே முடித்துவிடலாம், மற்றவற்றைத் திரும்பும்போது பார்க்கலாம். நடுத்தடுப்புள்ள சாலையைக் குறுக்கே கடக்கும் வேலையே இல்லை. மற்ற கிளைகளிலும் இடப்பக்க வாசல் மட்டும்தான் என்று விதி வைத்தோம்.

விடியுமுன் தெருவில் என்ன நடக்கும் என்பதைப் பேப்பர் போடும் தம்பிகளைப் போல அறிந்தவர்கள் யாரும் இல்லை. எந்தத் தெருவில் நாய்கள் கூட்டமாகப் படுத்திருக்கும், எந்தத் திருப்பத்தில் பால் வண்டி குறுக்கே நிற்கும் என்று வரைபடத்தில் பேனாவால் குறித்துத் தந்தார்கள். நாய் துரத்தினால் வேகம் கூட்டாதீர்கள், இறங்கி சைக்கிளை நடுவில் வைத்து நடங்கள் என்றார்கள்; மண்ணடிப் பக்கம் அது பலித்தது. பனி விழுந்த இரும்புத் தகட்டின் மேல் பிரேக் பிடிக்கக் கூடாது என்பதும் அவர்கள் சொன்னதே. மெட்ரோ இரண்டாம் கட்டப் பணி நடக்கும் கீழ்ப்பாக்கம், ஆயிரம் விளக்கு, நந்தனம் பக்கம் சாலைப் பள்ளங்களை அப்படிப்பட்ட தகடுகளால் மூடியிருப்பார்கள். தகட்டுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, கைப்பிடியைத் திருப்பாமல் நேராக உருண்டு போகவேண்டும். சக்கரம் போகும் திசையிலேயே கம்பி ஓடும் வடிகால் மூடிகளும் ஆபத்துதான். மெல்லிய டயர் அதற்குள் இறங்கிவிடும்.

சைக்கிள்களைச் சரிபார்த்துக் கொடுத்த பஞ்சர் கடை அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்வது! முந்தைய இரண்டு மாலைகள், 36 வண்டிகள், கூலி ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. பிரேக் ஷூ ரிம்மைத் தொடுகிறதா, டயரில் உரசுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். டயரில் உரசும் ஷூ ஒரே சவாரியில் டயரின் பக்கவாட்டை அறுத்துவிடும். காற்றின் அளவையும் அவரே சாக்பீஸால் டயரில் எழுதினார்: 26 அங்குல மலைச் சைக்கிள் டயருக்கு 40 முதல் 45 பிஎஸ்ஐ, 700சி ஹைப்ரிட் டயருக்கு 60 முதல் 70, ஆள் கனமாக இருந்தால் மேல் அளவு. காற்று குறைந்தால் பள்ளத்தில் இறங்கும்போது டியூப் ரிம்முக்கும் டயருக்கும் நடுவில் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். பலர் ஒரு ஓட்டையை ஒட்டிவிட்டு இன்னொன்றை மறந்துவிடுகிறார்கள்.

கட்டுமானப் பணி நடக்கும் சாலைகளில் பஞ்சருக்குப் பெரும்பாலும் காரணம் கட்டுக்கம்பித் துண்டு. டயரின் உள்ளே விரலை விட்டுத் தேடினால் விரல் கிழியும். பழைய துணியைச் சுற்றித் தேய்த்தால் கம்பி துணியில் மாட்டும். கம்பியை எடுக்காமல் டியூபை மட்டும் மாற்றினால் அடுத்த தெருவிலேயே மறுபடி இறங்கும். ஒட்டும்போது செய்யும் தவறு அவசரம். டியூபை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனை மெல்லியதாகத் தடவி, பளபளப்பு போகும்வரை மூன்று நான்கு நிமிடம் காயவிட்டு அதன்பிறகே ஒட்டவேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் காற்றடித்ததும் நழுவும். அணிக்கு ஒரு பை என்று அவர் கட்டித் தந்ததில் இருந்தவை: டியூப் இரண்டு, ஒட்டு ஆறு, சொல்யூஷன் ஒன்று, டயர் நெம்பும் கட்டை இரண்டு, ஆலன் கீ ஒரு செட், கைப்பம்பு ஒன்று. பம்பின் வாய் எல்லா வால்வுக்கும் பொருந்தாது. மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கான பித்தளை அடாப்டரையும் பையில் போட்டிருந்தார். அந்தச் சிறு துண்டு இல்லாவிட்டால் இரண்டு பேர் எழும்பூரிலேயே நின்றிருப்பார்கள்.

சொல்ல மறக்கக் கூடாத இன்னொன்று: எழும்பூர் நிலையம் பூந்தமல்லி நெடுஞ்சாலையை விட்டு விலகி இருக்கிறது, காந்தி இர்வின் பாலம் ஏறி இறங்கவேண்டும். ஷெனாய் நகர் நிலையம் திரு.வி.க. பூங்காவுக்கு அடியில் இருக்கிறது. சாலையை மட்டும் பார்த்துக்கொண்டு போனால் இரண்டும் தவறிவிடும்.

நிலைய வாசல்களில் இருந்த பாதுகாப்புப் பணியாளர்களுக்கு மனமார்ந்த நன்றி. முன்கூட்டியே போய்ப் பேசியபோது அவர்கள் கேட்டது இரண்டே விஷயம்தான். சைக்கிளைச் சாய்வுப் பாதையிலும் லிஃப்ட் வாசலிலும் சாய்க்கக் கூடாது. சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு வேறு வழி கிடையாது. உள்ளே படம் எடுக்கக் கூடாது. ஆகவே நடைபாதையில் நின்று, பெயர்ப்பலகையின் தமிழ் எழுத்தும் வாசலின் எண்ணும் சைக்கிளின் முன்சக்கரமும் ஒரே படத்தில் வந்தால் போதும் என்று வைத்தோம்.

சென்ட்ரல் எதிரே தேநீர்க் கடை வைத்திருக்கும் அம்மா, 20 லிட்டர் கேன் இரண்டைக் காலை ஐந்து மணியிலிருந்து எங்களுக்காக நிழலில் பாதுகாத்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு ஓஆர்எஸ் பொட்டலம் முழுதாக. அரை பாட்டிலில் ஒரு பொட்டலத்தைக் கரைத்தால் உப்பு கூடித் தாகம்தான் அதிகமாகும் என்று தாள் ஒன்றில் எழுதி ஒட்டவும் இடம் தந்தார். அம்மா, அந்த இஞ்சித் தேநீர் இல்லாமல் வடக்குக் கிளை ஓடியிருக்காது.

அண்ணா சாலையில் நின்ற போக்குவரத்துக் காவலர்களுக்கும் நன்றி. ஜெமினி மேம்பாலத்தில் ஏறாமல் கீழே சிக்னல் வழியாகப் போகச் சொன்னது, தேனாம்பேட்டையிலிருந்து உயர்மட்டப் பாலப் பணியால் சாலை குறுகும் இடத்தில் ஒற்றை வரிசையாக்கி விட்டது, இரண்டும் அவர்கள் செய்த உதவி. பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் பேருந்தை இடப்பக்கம் கடந்து போக முயன்ற ஒருவரை நிறுத்தி, கதவிலிருந்து இறங்குகிறவர்கள் மேல் மோதுவாய் தம்பி என்று பொறுமையாகச் சொன்ன காவலரின் முகம் எங்களுக்கு நினைவிருக்கிறது.

மீதமிருந்த டியூப்களும் ஒட்டுகளும் பஞ்சர் கடை அண்ணனிடம் திரும்பச் சேர்ந்துவிட்டன. பேனாக் குறிப்புகளோடு உள்ள வரைபடமும் அவர் கடையில்தான் இருக்கிறது. வேண்டுகிறவர்கள் அங்கே கேட்டால் பார்த்து எழுதிக்கொள்ளலாம். ஒருவழித் தெருக்களை மட்டும் புறப்படும் வாரத்தில் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள்.

நன்றியுடன்,
சவாரிக் குழுவினர்