வாக்காளரின் அருகில் யார் நிற்கலாம்

சுங்கை சிப்புட், மலேசியா,
2 நவம்பர் 2024.

அன்பு மகளுக்கு,

தீபாவளியன்று நீ அழைத்தபோது வீடு நிறைய உறவினர்கள் இருந்ததால் உன்னோடு நிதானமாகப் பேச முடியவில்லை. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் வாக்காளர்களுக்கு உதவும் உங்கள் அமைப்பில் நீ பயிற்சி கொடுத்த தொண்டர் ஒருவர், ஆங்கிலம் படிக்கத் தெரியாத ஒரு முதியவர் வாக்களிக்கத் துணையாகச் சென்ற இடத்தில், "இவருக்கே போடுங்கள், நம் மக்களுக்கு இவர்தான் நல்லவர்" என்று சொல்லிவிட்டதாகவும், அவரை அன்றே அந்தப் பணியிலிருந்து நீ விலக்கியதாகவும், அதற்காக அலுவலகத்தில் சிலர் உன்மேல் வருத்தமாக இருப்பதாகவும் சொன்னாய். "நான் தப்பு பண்ணிட்டேனாப்பா?" என்று நீ கேட்டதற்கு, பிறகு பேசலாம் என்று மட்டுமே என்னால் சொல்ல முடிந்தது. இப்படிப்பட்டவற்றைத் தொலைபேசியில் சொல்ல எனக்கு வராது என்பதால் எழுதுகிறேன்.

நீ செய்தது சரி, அம்மா. பெற்ற பாசத்தில் இதைச் சொல்லவில்லை. 1986ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் என் கண்முன் நடந்த ஒன்றை நினைத்துச் சொல்கிறேன். அதை உன் அம்மாவிடம்கூட நான் முழுதாகச் சொன்னதில்லை.

இங்கே தேர்தல் பணிக்கு ஆசிரியர்களை அழைப்பது வழக்கம் என்பது உனக்குத் தெரியும். அந்த ஆண்டு பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில், வாக்குச் சீட்டு கொடுக்கும் மேசையில் என்னை உட்கார வைத்திருந்தார்கள். முற்பகலில் ஒரு ரப்பர் தோட்டத்து லாரி வந்து நின்றது. ஆட்களை இறக்கிவிட்ட மண்டோர், அதாவது தோட்டத்துக் கங்காணி, வெளியே போகாமல், வாசற்கதவுக்கு அப்பால் எல்லாரையும் பார்க்கும்படியான ஓரிடத்தில் நின்றுகொண்டார். வரிசையில் அறுபது வயதை ஒட்டிய ஓர் அம்மா வந்தார். காய்ந்த ரப்பர் பால் நகக்கண்களில் கறுத்துப் போயிருந்த விரல்களால் நாடாளுமன்றத்துக்கு ஒன்றும் சட்டமன்றத்துக்கு ஒன்றுமாக இரண்டு சீட்டுகளையும் வாங்கிக்கொண்டவர், நகராமல் குனிந்து என்னிடம், "ஐயா, தொரை எதுல போடச் சொன்னாருன்னு மறந்துருச்சு, நீங்க சொல்லுங்கய்யா" என்றார். தொரை என்றது தோட்ட நிர்வாகியை.

இங்கே பேசக்கூடாது, உள்ளே போங்கள் என்று மட்டும் சொன்னேன். விதிப்படி அது பிழையில்லை. ஆனால் அந்த அம்மா உள்ளே போகாமல், சீட்டுகளைக் கையில் பிடித்தபடியே மண்டோரைக் கேட்டுவர வாசலை நோக்கி நடந்தார். போலீஸ்காரர் தடுத்தார்; மையத் தலைவர் எழுந்து வந்து அவரைத் திருப்பி அழைத்துப் போனார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, திருட்டுக் குற்றத்தில் பிடிபட்டவரைப்போல் அந்த அம்மா நடுங்கிக்கொண்டிருந்தார். கடைசியில் மறைப்புக்குள் போய் வந்து சீட்டுகளைப் பெட்டியில் போட்டுவிட்டுத் தலைநிமிராமல் லாரிக்குப் போனார். அவற்றில் ஏதேனும் குறியிட்டிருந்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

"நீங்கள் எதில் போட்டீர்கள் என்று துரைக்குத் தெரியவராது அம்மா" என்ற ஒரு வாக்கியத்தை நான் சொல்லியிருக்கலாம். அது யாருக்கும் ஆதரவான பேச்சாகாது. அந்த வயதில் எனக்கு அது தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் மண்டோரின் பார்வைக்கு எதிரே சொல்லியிருப்பேனா என்பதும் நிச்சயமில்லை. அதன் பிறகு, 1990இலிருந்து விரலில் மை வைக்கத் தொடங்கிய 2013 வரை, எந்த மேசையில் உட்கார்ந்தாலும் வயதானவர்களிடம் "உள்ளே நீங்களும் சீட்டும் மட்டும்தான்" என்று சொல்லியே அனுப்பினேன்.

துரையின் சொல்லுக்கு அத்தனை பலம் எங்கிருந்து வந்தது என்று நீ கேட்கலாம். குடியிருந்த லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் அடுத்து வீடும் போகும். தினமும் காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தும் பெரட்டில் பேர் கூப்பிட்டு வேலை கொடுப்பவர் ஒரு சின்னத்தைக் காட்டினால் அதை அறிவுரை என்று எடுத்துக்கொள்ள எவருக்கும் துணிவு வராது. சில இடங்களில் தொழிற்சங்கத் தலைவரின் சொல்லும் அப்படித்தான் இருந்தது. நமக்காகப் பேசுகிறவர் சொன்னால் மறுக்கலாமா என்ற நன்றியுணர்வே அங்கே கட்டாயமாகிவிடும்.

ஆகவேதான் நீ போன மாதம் எனக்கு விளக்கிச் சொன்ன, அமெரிக்க வாக்குரிமைச் சட்டத்தின் அந்த 208ஆம் பிரிவு என் மனத்தைவிட்டு அகலவில்லை. அந்தச் சட்டத்தில் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்டது 1965 ஆகஸ்டு 6. மூன்று நாள் கழித்துத்தான் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்தது, அப்போது எனக்குப் பத்து வயது. கறுப்பின மக்களை எழுத்தறிவுத் தேர்வு வைத்துத் தடுத்துவந்த ஊர்களில் அந்தத் தேர்வையே அந்தச் சட்டம் நிறுத்தியது என்றாய். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களும் சின்னத்தைப் பார்த்து வாக்களித்து வந்த ஊரில் வளர்ந்த எனக்கு, படிப்பில்லை என்பதற்காக ஒருவரை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள் என்பது நெஞ்சை உறுத்தியது. பிறகு 1982இல் சேர்த்த இந்தப் பிரிவு, பார்வையற்றவரும், உடற்குறை உள்ளவரும், எழுதப் படிக்கத் தெரியாதவரும் தாம் விரும்பும் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளலாம், ஆனால் அவருடைய முதலாளியோ முதலாளியின் ஆளோ, தொழிற்சங்கப் பொறுப்பாளரோ சங்கத்தின் ஆளோ அந்தத் துணையாக இருக்கக்கூடாது என்கிறது. நம் ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் நின்ற மண்டோரை நேரில் பார்த்துவிட்டு எழுதியதைப் போல எனக்குப் பட்டது.

உன் தொண்டர் முதலாளியும் இல்லை, சங்கத்துக்காரரும் இல்லை என்று உன் அலுவலகத்தார் சொல்லக்கூடும். சட்டத்தின் எழுத்துப்படி அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த முதியவர் அவரை நம்பியது உங்கள் அமைப்பின் அட்டை அவர் கழுத்தில் தொங்கியதால்தான். மொழி தெரியாத இடத்தில் தடுமாறி நிற்கும் ஒருவருக்கு அந்த அட்டையும் ஓர் அதிகாரம்தான். அவர் நல்லெண்ணத்தில் சொன்னார் என்பதை நான் நம்புகிறேன். மண்டோரும் தோட்டத்து மக்களின் நன்மைக்கே செய்வதாகத்தான் நினைத்திருப்பார்.

அவரை அடியோடு ஒதுக்கிவிட வேண்டாம் என்பது மட்டும் என் வேண்டுகோள். ஆர்வமுள்ளவரை வேறு வேலையில் வை. வாக்குச் சாவடிக் கட்டடத்திலிருந்து 150 அடிக்குள் வரிசையில் நிற்பவருக்குத் தண்ணீரைக்கூடக் கையில் கொடுக்கக்கூடாது என்று ஜார்ஜியாவில் 2021இல் சட்டம் போட்டிருப்பதாகச் சொன்னாய். தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பதைத் தடுக்க ஒரு சட்டமா என்று எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்த எல்லைக்கு வெளியே நின்று அவர் தண்ணீர் கொடுக்கட்டும். இரவு 7 மணிக்குள் வரிசைக்கு வந்துவிட்டவர் மணி கடந்தாலும் வாக்களிக்கலாம், பட்டியலில் பெயர் இல்லையென்று திருப்பி அனுப்பினால் தற்காலிக வாக்குச் சீட்டைக் கேட்டு வாங்கலாம், தகராறு என்றால் 866 என்று தொடங்கும் அந்த வாக்காளர் உதவி எண்ணுக்கு அழைக்கலாம் என்பதையெல்லாம் வருகிறவர்களிடம் சொல்லட்டும். அவற்றில் எந்த வேட்பாளரின் பெயருக்கும் இடமில்லை.

இன்னொன்றும் எழுத வேண்டும். நீ அங்கே நிரந்தரக் குடியிருப்பாளர் மட்டுமே, உனக்கு வாக்கு இல்லை, பிறர் வாக்குக்காக இப்படி அலைகிறாயே என்று உன் அத்தை குறைப்பட்டுக்கொண்டார். உன் பாட்டி சாகும்வரை, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குக் கொடுக்கும் சிவப்பு அடையாளக் கார்டோடு இருந்தவர். ஒரு தேர்தலிலும் வாக்களித்ததில்லை. இருந்தும் தேர்தல் நாளில் விடியற்காலையிலேயே எழுந்து, லயத்துப் பெண்களோடு பள்ளிக்கூடம்வரை நடந்துபோய், அவர்கள் உள்ளே போய் வரும்வரை அவர்களுடைய கைக்குழந்தைகளையும் குடைகளையும் வைத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருப்பார். யாருக்குப் போட்டீர்கள் என்று ஒருவரிடமும் அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. அந்தச் சிவப்புக் கார்டு என் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. அடுத்த முறை வரும்போது எடுத்துத் தருகிறேன்.

தேர்தல் நாளான செவ்வாய்க்கிழமை உனக்கு இரவு 7 மணி ஆகும்போது எனக்குப் புதன்கிழமை காலை 8 மணி. பசியாறிவிட்டுத் தொலைபேசி அருகிலேயே இருப்பேன். எவ்வளவு நேரமானாலும் வரிசையில் கடைசி ஆள் உள்ளே போன பிறகு கூப்பிடு.

அன்புடன்,
அப்பா