நூர்ஜஹான் பெயர் மறுபக்கத்தில் இருக்கிறது

மதிப்பிற்குரிய அருங்காட்சியக நாணயப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். கூடத்தைப் புதுப்பித்தும் அந்த முகலாய வெள்ளி ரூபாய்க்கு 'ஜஹாங்கீர் நாணயம்' என்ற பழைய விளக்கச் சீட்டே தொடர்கிறது. அது ஜஹாங்கீரின் மனைவி நூர்ஜஹான் பெயரில் அடித்தது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

அதில் இருப்பது பாரசீக ஈரடிப் பாட்டு. 'ஷா ஜஹாங்கீரின் ஆணையால் நூறு அணி பூண்டது' என்ற முதல் அடி ஒரு பக்கம். 'பாதுஷா பேகம் நூர்ஜஹானின் பெயரால், பொன்' என்று முடியும் அடி, காசு அடித்த அக்கசாலையின் பெயரோடு மறுபக்கம். நீங்கள் முதல் பக்கத்தை மேலே காட்டி, மறுபக்கத்தைத் துணியில் புதைத்துவிட்டீர்கள். வரிசையில் நின்று குனிந்து பார்க்கும் பள்ளிப் பிள்ளைக்குக் கணவன் பெயர் மட்டுமே கிடைக்கிறது. நூர்ஜஹான் பெயரைத் தயவுசெய்து வெளியே கொண்டுவாருங்கள்.

நாணயத்தில் பெயரும் வெள்ளிக்கிழமைத் தொழுகை உரையான குத்பாவில் பெயரும்தான் அன்று ஆட்சியுரிமையின் அடையாளங்கள். குத்பாவில் நூர்ஜஹான் பெயர் ஓதப்படவில்லை. ஆனால் ஹிஜ்ரி 1033 முதல் 1037 வரை (1623–1627) ஆக்ரா, சூரத், லாகூர், பாட்னா அக்கசாலைகளில் அவர் பெயரால் காசு அடிக்கப்பட்டது. அவர் முத்திரையோடு அரசாணைகளும் போயின. இவ்வளவுக்கும் பிறகு 'ஜஹாங்கீரின் காதல் மனைவி' என்ற ஒற்றை வரியோடு நிறுத்துவது அநியாயம். 1236 முதல் 1240 வரை டெல்லியை ஆண்டு, சுல்தான் பட்டத்தோடு வெள்ளி டங்கா நாணயம் வெளியிட்ட ரசியாவுக்கும் இதே கதிதான். 1819-க்கும் 1926-க்கும் இடையே போபாலை நடத்திய நான்கு பேகம்களைப் பாடநூல்களில் தேடத்தான் வேண்டியிருக்கிறது. ஆண்ட பெண்களை அந்தப்புரத்துக்குள்ளேயே நிறுத்தி வைத்துக்கொண்டு, முஸ்லிம் பெண்ணுக்கு அரசியல் வரலாறே இல்லை என்று வெளியே பேசுகிறோம்!

கோபத்தை விட்டுக் கோரிக்கைக்கு வருகிறோம். காசைத் தாங்கியில் நிறுத்தி அடியில் சாய்வாகக் கண்ணாடி வையுங்கள். இடமில்லையென்றால் மறுபக்கத்தைப் பெரிதாக்கிய படம் போதும். எழுத்தைப் பதிக்கும் அச்சு காசைவிடப் பெரிதாக இருந்ததால் பல காசுகளில் எழுத்து விளிம்பில் வெட்டுப்பட்டிருக்கும். இருப்பில் உள்ளவற்றில் 'நூர்ஜஹான்' முழுதாகத் தெரியும் காசைத் தேர்ந்தெடுங்கள். சீட்டின் முதல் வரி 'நூர்ஜஹான் பாதுஷா பேகம் பெயரில் வெளியான ரூபாய்' என்று இருக்கட்டும்; ஜஹாங்கீர் ஆட்சிக்காலம் (1605–1627) அடுத்த வரியில் வரட்டும். ஈரடியின் தமிழாக்கத்தையும் சேருங்கள்.

அடுத்த முறை சீட்டு அச்சாகும்போது இதைச் செய்து தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நாணயவியல் ஆர்வலர்கள்